மரபுக் கட்டடப் பாதுகாப்பில் உதவித்தொகையுடன் ஓராண்டுப் பயிற்சி: என் அனுபவம்

மரபுக் கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் துறையில் பயிற்சிக்கு ஆள் சேர்த்துக்கொள்ளும் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. பயிற்சிக் காலத்தில் பணம் தருபவைதான் அரிது. கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்ற கையோடு நான் விசாரித்த இடங்களில் பெரும்பாலானவை, கற்றுக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பையே ஊதியமாகக் கருத வேண்டும் என்ற பொருள்பட விடையளித்தன. வெளியூரில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்து பணம் வரப்பெறுபவர்களுக்கு அது சரிப்பட்டு வரலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

எனக்குக் கைகொடுத்தது 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம். அதன்கீழ் நடைபெறும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தை (நாட்ஸ்) பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியது என்றே பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் நான்கு பேருக்குக் குறையாமல் பணியாற்றும் எந்த நிறுவனமும் விரும்பினால் பழகுநரை எடுக்கலாம். முப்பது பேரும் அதற்கு மேலும் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தன. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை ஒன்றிய அரசு ஏற்கிறது. இதைப் படித்தறிந்த பிறகு நான் கேட்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். 'பணம் தருவீர்களா' என்று கேட்பதை விடுத்து, 'இத்திட்டத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்ய இயலுமா, பாதித் தொகையை அரசு ஏற்கும்' என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதத் தொடங்கினேன். அதற்கு முன் பதிலே எழுதாதவர்களிடமிருந்தும் விசாரணைகள் வந்தன.

இறுதியில் புதுச்சேரியில் உள்ள ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகம் என்னை நேர்காணலுக்கு அழைத்தது. பழைய தமிழ் வீடொன்றின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் முற்றத்தையும் நாடாவால் அளந்து, அன்று மாலைக்குள் அளவுப்படமாக வரைந்து தரச் சொன்னார்கள். அதன் பிறகு ஒரே ஒரு கேள்விதான்: சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரின்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியாக ஆவியாகி வெளியேறிவிடும், சிமென்ட் அதை அடைத்துவிடுவதால் நீரில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே பொடித்துவிடும் என்று சொன்னேன். கல்லூரியில் எனக்கு யாரும் கற்பிக்காத பாடம் அது. நேர்காணலுக்கு முந்தைய வாரங்களில் நானாகத் தேடிப் படித்தது.

தேர்வான பிறகுதான் காகித வேலை தொடங்கியது. திட்டத்தின் இணையதளத்தில் நானும் அலுவலகமும் தனித்தனியே பதிவு செய்து, அங்கு உருவாகும் பயிற்சி ஒப்பந்தத்தைச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் ஏற்க வேண்டும். பட்டம் பெற்று ஐந்தாண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும், ஓராண்டு வேலை அனுபவம் இருக்கக் கூடாது என்பதும் நிபந்தனைகள். எனக்குச் சிக்கல் வந்தது தலைப்பெழுத்தில். பட்டச் சான்றிதழில் என் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் இருந்தது. ஆதாரில் அந்த எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருந்தது. வங்கிக் கணக்கிலோ அவர் பெயர் முன்னால் நின்றது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்தி முடிக்கும் வரை ஒப்பந்தம் நகரவில்லை. விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பயிற்சியின் பெரும்பகுதி சாரத்தின் மேல் கழிந்தது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் பலவற்றுக்கு 'மெட்ராஸ் டெரஸ்' கூரைதான்: மர உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் கலவையைக் கொட்டி நாட்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டையான ஓடுகளைப் பதித்து முடிப்பார்கள். அந்த ஓடுகளின் இணைப்புகள் விட்டுப்போனால் மழைநீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகள் வெளியே தெரியாமலேயே உளுத்துப்போகும். அந்த முனைகளைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பதும், கூரிய ஊசியால் குத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று குறிப்பதும் என் அன்றாட வேலை. கடற்கரைச் சாலையிலிருந்த, பிரெஞ்சுக்கால நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழைக்காலத்தில் இடிந்து விழுந்ததையும், அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டதையும் அங்கு அனைவரும் அறிவார்கள். அதனால் இவ்வேலையைச் சலிப்பானது என்று யாரும் ஒதுக்குவதில்லை.

மற்றொன்று பழைய காரையைச் சோதிப்பது. சிறு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் எஞ்சும். இரண்டின் எடையையும் கொண்டு பழைய விகிதத்தைக் கணிக்கலாம். ஆனால் கடலோர மணலில் கிளிஞ்சல் துணுக்குகள் கலந்திருந்தால் அவையும் கரைந்துவிடுவதால் சுண்ணாம்பு இருந்ததைவிட அதிகமாகத் தெரியும். முதலில் உருப்பெருக்கியால் பார்த்துவிட வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் பொறியாளர் அல்லர். சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் புளிக்க வைத்துக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் கலவை கூட்டும் மூத்த மேஸ்திரி. 'கணக்கு அப்புறம் தம்பி, முதல்ல மண்ணப் பாரு' என்பார். அவருக்குப் பக்கத்தில் நின்ற நேரமே இப்பயிற்சியின் ஆகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து.

பணத்தைப் பொறுத்தவரை, அலுவலகத்தின் பங்கும் அரசின் பங்கும் ஒரே நாளில் கணக்கில் ஏறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முன்னதைக் கொண்டே வாடகையைத் திட்டமிட்டேன். இருவர் பகிர்ந்த அறைக்கும் மெஸ் சாப்பாட்டுக்கும் தொகை சரியாக இருந்தது. மிச்சம் பிடிக்க வழியில்லை. இறுதியில் வாரியத்தின் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைத்தது. அடுத்து விண்ணப்பித்த வேலையின் நேர்காணலில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்தார்கள். உத்தர முனைகளைக் குறித்து நான் வரைந்திருந்த சேதப் படங்களைத்தான் நெடுநேரம் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பயிற்சியில் சேர்பவர்கள் தாங்கள் வரையும் படங்களின் பிரதியை வைத்துக்கொள்ள அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதியைத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.