ஐந்து பல்புக் கேள்வி: மெக்டெர்மட்டின் ஆய்வைக் கொண்டு இயற்பியல் படிப்பது எப்படி?

மூன்று மின்சுற்றுகளை வரைந்துகொள்ளுங்கள். முதல் சுற்றில் ஒரு மின்கலமும் பல்பு 1-உம். இரண்டாவதில் பல்பு 2, 3 தொடர் இணைப்பில். மூன்றாவதில் பல்பு 4, 5 பக்க இணைப்பில். பல்புகள் எல்லாம் ஒரே வகை. மின்கலங்களும் ஒரே மாதிரி, அகமின்தடை (மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடை) இல்லாதவை. எது அதிகப் பிரகாசமாக எரியும், எது மங்கும் என்று வரிசைப்படுத்திக் காரணத்தையும் எழுதுங்கள். எண் கணக்கு தேவையில்லை.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கல்வி ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர் லிலியன் மெக்டெர்மட். பீட்டர் ஷாஃபருடன் சேர்ந்து அவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கேள்வி வருகிறது. நுண்கணிதத்தோடு இயற்பியல் படித்த பல்கலைக்கழக மாணவர்களில், வழக்கமான விரிவுரைகள் முடிந்த பிறகும், சுமார் 15 சதவீதம் பேர்தான் சரியாக எழுதினார்கள். 1, 4, 5 மூன்றும் சமம். 2, 3 தமக்குள் சமம், ஆனால் மங்கல். இதுதான் விடை.

தவறு எங்கே வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பல்பு 2 மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், மிச்சம்தான் 3-க்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்னொரு பிழை இதைவிட ஆழமானது: மின்கலம் எந்தச் சுற்றிலும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்ற நம்பிக்கை. அப்படி நம்புகிறவர் 4-க்கும் 5-க்கும் பாதிப்பாதி கிடைக்கும், இரண்டும் மங்கும் என்று எழுதுவார். பக்க இணைப்பில் பல்பைக் கூட்டினால் மொத்த மின்தடை குறைகிறது, மின்கலம் தரும் மின்னோட்டம் கூடுகிறது என்பது அவர் மனதில் இல்லை. ஓம் விதியில் எண்களைப் போட்டு எத்தனை கணக்குப் போட்டாலும் இந்த நம்பிக்கை அசையாது. சூத்திரமே சரியான விடையைத் தந்துவிடுவதால் அது வெளியே தெரிவதே இல்லை.

மெக்டெர்மட்டின் வழி மூன்று படிகள் கொண்டது: மனதில் இருக்கும் கருத்தை வெளியே கொண்டுவருவது, அதை உண்மையோடு மோதவிடுவது, முரண்பாட்டைத் தீர்ப்பது. தனியாகப் படிப்பவரும் இதைச் செய்யலாம். பாடத்தைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கணிப்பை எழுதுங்கள். கூடவே ‘ஏனெனில்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியமும் இருக்கட்டும். பேனாவால் எழுதுங்கள், அழிக்காதீர்கள். மனதுக்குள் மட்டும் கணித்தால், விடையைப் பார்த்ததும் ‘நானும் இதைத்தான் நினைத்தேன்’ என்று தோன்றிவிடும். அங்கேயே முறை கெட்டுப்போகிறது.

பிறகு சுற்றை அமைத்துப் பாருங்கள். 1.5 வோல்ட் மின்கலமும் ஒரே வகை இழை பல்புகளும் போதும். எல்.இ.டி. வேண்டாம்: திசை மாற்றி இணைத்தால் எரியாது, குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குக் கீழே போனாலும் எரியாது. மின்கலம் பழையதாக இருந்தால் அகமின்தடை கூடியிருக்கும். 4, 5 நிஜமாகவே மங்கி, உங்கள் தவறான கணிப்பையே சரி என்று காட்டிவிடும். புதிய மின்கலத்திலும் லேசான மங்கல் தெரியலாம். அதற்குக் காரணம் அகமின்தடையே. 2, 3 சமமாக எரியாவிட்டால் இரண்டையும் இடம் மாற்றுங்கள். மங்கல் பல்போடு நகர்ந்தால் குறை பல்பில்.

மூன்றாவது படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சரியான விடையைக் குறித்துக்கொண்டால் போதாது. முதலில் எழுதிய ‘ஏனெனில்’ வாக்கியத்தில் எந்தச் சொல் பொய்த்தது என்று அடிக்கோடிட்டு, வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டும். மூன்று நான்கு பேராகப் படித்தால் இன்னும் நல்லது. விடை தெரிந்தவர் அதைச் சொல்லாமல், ‘எப்படித் தெரியும்?’ என்று மட்டும் கேட்கட்டும்.

இயக்கவியலிலும் இதே கதைதான். மெக்டெர்மட் டேவிட் டிரோபிரிட்ஜுடன் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், இணையான தடங்களில் உருளும் இரண்டு பந்துகளின் வேகம் எப்போது சமம் என்று கேட்டார்கள். இரண்டும் அருகருகே வரும் கணத்தைப் பல மாணவர்கள் காட்டினார்கள். ஒன்று மற்றொன்றை முந்துகிறது என்றாலே அந்தக் கணத்தில் வேகங்கள் வேறு. இடத்தையும் வேகத்தையும் குழப்பிக்கொள்கிறீர்களா என்று பார்க்க, இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் போடுங்கள்.

தேர்வுக்கு முன் இதையும் செய்து பாருங்கள். பல்பு 6 தொடரில்; அதையடுத்து 7, 8 பக்க இணைப்பில். பல்பு 8-ஐக் கழற்றினால் 6-உம் 7-உம் என்னவாகும்? மொத்த மின்தடை கூடுவதால் மின்னோட்டம் குறைந்து 6 மங்கும். 6-இன் மின்னழுத்தம் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து பாதியாக இறங்க, 7-க்கு மூன்றில் ஒரு பங்காக இருந்தது பாதியாக உயரும், அது பிரகாசமாகும். (பின்னங்கள் பல்பின் மின்தடை மாறாது என்று வைத்துப் போட்டவை.) 8-இன் பங்கு முழுவதும் 7-க்கு வந்துவிடும் என்று எழுதியிருந்தால், மாறாத மின்னோட்டம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை, ஐந்து பல்புக்குத் திரும்பிப் போங்கள்.