நான்காம் நாள்

2019 ஆகஸ்டில் முர்காபில் எனக்கு நான்கு நாட்கள் வண்டி கிடைக்கவில்லை. தஜிகிஸ்தானின் கிழக்கில், ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில், மரமே இல்லாத வெளியில் இருக்கும் சின்ன ஊர் அது. பாமிர் நெடுஞ்சாலை என்று பயணிகள் சொல்லும் எம்41 சாலை அதன் வழியாகத்தான் போகிறது. அடுத்த பெரிய ஊரான கோரோக் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பழைய ஷிப்பிங் கன்டெய்னர்களை வரிசையாக வைத்துக் கடைகளாக்கியிருக்கிறார்கள். அந்தச் சந்தைப் பக்கம் ஷேர் ஜீப் நிற்கும். ஆள் நிறைந்தால் கிளம்பும். ஆள் நிறையவில்லை.

அதோடு எனக்குத் தலைவலி வேறு. 1,000 மீட்டருக்கும் கீழே இருக்கும் கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து ஒரே நாளில், 4,655 மீட்டர் உயர அக்பைதால் கணவாயைத் தாண்டி வந்திருந்தேன். அது தவறு. 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும். எனக்கு இது தெரியும். வழியில் சாரி-தாஷில் இரண்டு இரவு தங்கியிருக்க வேண்டும். காலியாக ஒரு சீட் கிடைத்தது, ஏறிவிட்டேன். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம் எல்லாம் வந்திருந்தால் உடனே கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரு வீட்டின் பின்னறையில் மூன்று கம்பளிக்குள் படுத்துக்கிடந்தேன்.

முதல் நாள் அந்த வீட்டுப் பாட்டி தட்டில் ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் தலைவலி விட்டது. நான்காம் நாள் காலையில் என்னை எழுப்பி, இரண்டு வாளிகளைக் கையில் கொடுத்து, தெருக்கோடியில் இருந்த அடிகுழாயைக் காட்டினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வதை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவருக்கும் இருந்தது. தண்ணீர் எடுத்து வந்ததும் அடுப்பறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதுவரை நான் அந்த அறைக்குள் போனதில்லை.

உலகம் சுற்றுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த நான்காம் நாளைப் பற்றித்தான். 2016இல் வேலையை விட்டுக் கிளம்பியபோது எனக்கு இது புரியவில்லை. முதல் இரண்டு வருடம் எந்த ஊரிலும் மூன்று இரவுக்கு மேல் இருந்ததில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் கிளம்பிவிடுவேன். ஒரு நோட்டில் ஊர்களின் பெயரை எழுதி வைப்பேன், 140 ஊர் வரை போனது. இன்று அந்த நோட்டைப் புரட்டினால் பாதிப் பெயர்களுக்கு முகமே இல்லை.

அந்த நாட்களில் முதுகில் 17 கிலோ இருந்தது. தேவைப்படும் என்று ஒன்று, தேவைப்பட்டால் என்ன செய்வது என்று இன்னொன்று. பையைக் குறைத்தது 2018இல் ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதை. பிரான்ஸ் எல்லையோரம் சான்-ஜான்-பியே-தெ-போரில் தொடங்கி ஏறத்தாழ 780 கிலோமீட்டர் நடை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்பது அந்தப் பாதையில் எல்லோரும் சொல்லும் விதி. எனக்கு அது 6 கிலோ சொச்சம். மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு மெல்லிய தூக்கப்பை, மழைக்கோட்டு, மருந்து, காகிதங்கள். மீதியை எல்லாம் அனுப்பிவிட்டேன். இன்றைக்கு என் பை 40 லிட்டர், குளிர் உடையோடு 8 கிலோ. ஊசியும் பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலும் அதில் எப்போதும் இருக்கும். பையின் பட்டை கிழிந்தால் அந்த நூலில்தான் தைப்பேன். சாதாரண நூல் ஒரு வாரம் தாங்காது.

அந்தப் பாதையை நான் நேசிக்கிறேன். ஆனால் அங்கே யாத்ரீகர் விடுதியில் பொதுவாக ஒரு இரவுதான். உடம்பு சரியில்லை என்றால் விலக்கு உண்டு. மற்றபடி காலை 8 மணிக்குள் படுக்கையைக் காலி செய்ய வேண்டும். முப்பத்துமூன்று காலைகள் அப்படி எழுந்து நடந்தேன். கூட நடந்தவர்களை நன்றாகத் தெரிந்துகொண்டேன். ஊர்க்காரர்களில் ஒருவரைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. பாதை முடியும் சந்தியாகோ தேவாலயத்தின் முன் நின்றபோது அழுகை வந்தது. அடுத்த நாள் காலை, எங்கும் நடக்க வேண்டாத முதல் நாள், என்ன செய்வதென்றே தெரியாமல் விடுதிப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

விடுதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நாமெல்லாம் தங்கும் இந்த ஹாஸ்டல் என்ற ஏற்பாட்டுக்கு ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு மழையும் காரணம். ஜெர்மனியின் ரிச்சர்ட் ஷிர்மான் 1909 ஆகஸ்டில் மாணவர்களோடு மலைநடை போயிருக்கிறார். இடி மழை பிடித்துக்கொள்ள, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் விரித்துப் படுத்தார்கள். விடுமுறையில் சும்மா பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைப் பிள்ளைகள் தங்கத் திறந்துவிட்டால் என்ன என்று அந்த இரவில் அவர் யோசித்ததுதான் தொடக்கம். 1912இல் ஆல்டேனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. இன்றும் அங்கே தங்கலாம். பங்க் படுக்கையில் யாரோ மேலே புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வைக்கோல் நினைவு வரும். எத்தனை தலைமுறை அந்நியர்கள் ஒரே அறையில் பயமில்லாமல் தூங்கியிருக்கிறார்கள்!

சரி, இந்த வாழ்க்கையின் கடினமான பக்கத்துக்கு வருகிறேன். 2016 ஜூலையில் சைபீரிய ரயிலில் விளாதிவஸ்தோக் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். மாஸ்கோவிலிருந்து அது 9,289 கிலோமீட்டர். நான் ஏறியது பிளாட்ஸ்கார்ட் எனப்படும் திறந்த பெட்டி. கதவில்லாமல் 54 படுக்கைகள். அப்போதெல்லாம் ரயிலிலும் டிக்கெட்டிலும் நிலையங்களிலும் மாஸ்கோ நேரம்தான். 2018இல்தான் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினார்கள். சீத்தா நிலையத்தில் வண்டி நின்றபோது ரயில் நேரம் பிற்பகல் 1. வெளியே மாலை 7 மணி வெயில் சாய்ந்திருந்தது. பல மணி நேரத்துக்குப் பிறகு செல்பேசிக்கு சிக்னல் வந்தது. பெரியம்மா இரண்டு நாள் முன்பே இறந்துவிட்டார் என்று தம்பியின் செய்தி. என்னை வளர்த்ததில் பாதி அவர். எந்த நேரப்படி அவர் போனார், அப்போது நான் எங்கே இருந்தேன், தூங்கிக்கொண்டிருந்தேனா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நேரங்களுக்கு நடுவே கணக்கு வரவேயில்லை. எதிர்ப் படுக்கை அம்மாள் ஒன்றும் கேட்காமல் சமோவாரிலிருந்து வெந்நீர் பிடித்து வந்து என் கையில் கொடுத்தார்.

பழங்காலப் பயணி இபின் பதூதா 1325இல் மொராக்கோவின் தஞ்சீரிலிருந்து கிளம்பியபோது அவருக்கு வயது 21. டெல்லியில் பல ஆண்டுகள் காஜியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக இருந்தார், மாலத்தீவிலும் காஜியாக இருந்தார். போன இடத்தில் வேலை பார்த்து, வீடு வைத்து வாழ்ந்தவர். 1348இல் டமாஸ்கஸ் வந்தபோதுதான் தன் தந்தை 15 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டதை அறிந்தார். அடுத்த ஆண்டு சொந்த நாடு திரும்பினார். தாய் சில மாதங்களுக்கு முன் இறந்திருந்தார். எனக்கு இரண்டு நாள், அவருக்கு 15 ஆண்டு. கிளம்பத் துடிப்பவர்களிடம் இதை மறைக்க எனக்கு மனம் வராது. வயதான பெற்றோர் இருந்தால், எவ்வளவு நாளில் அவர்களிடம் திரும்ப முடியும் என்று பார்த்து வழியைப் போடுங்கள். அவசரமாகத் திரும்புவதற்கான டிக்கெட் பணத்தைத் தனியாக, எதற்கும் தொடாமல் வையுங்கள்.

நகர்ந்துகொண்டே இருக்கும் நாளில் வீட்டோடு ஒழுங்காகப் பேச முடியாது என்பதை நான் மெதுவாகத்தான் கண்டுகொண்டேன். வண்டி பிடிக்க வேண்டும், படுக்கை தேட வேண்டும், "அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவோம். ஓரிடத்தில் தரித்தால்தான் ஒரு மணி நேரம் பேசத் தோன்றும். துவைப்பதும் தைப்பதும் அப்படியே. தடுப்பூசிகூட அப்படித்தான்: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அதற்குச் சான்றான மஞ்சள் அட்டை செல்லும், 2016 ஜூலையிலிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஓடுகிற பயணி அந்த 10 நாளை இழப்பு என்பார். நான் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து இருந்துவிடுவேன்.

விசாவையும் இப்போது அப்படித்தான் செலவழிக்கிறேன். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் இன்று 29 நாடுகள். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். வெளியே போய்விட்டு வந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று நம்பி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பு அந்த 90 நாளில் 14 நாடு ஓடினேன். கடைசியாகப் போனபோது மூன்றே ஊர், ஒவ்வொன்றிலும் ஒரு மாதம். செலவும் பாதிக்குக் கீழே வந்தது. பணத்தைத் தின்பது தங்குவதைவிட நகர்வதுதான்.

சிலர் உழைத்துத் தங்குகிறார்கள். 1971இல் லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பார்ட் தொடங்கிய வூஃப் என்ற ஏற்பாடு இன்றும் பல நாடுகளில் இருக்கிறது: இயற்கைப் பண்ணையில் பாதி நாள் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். நானும் செய்திருக்கிறேன், விரும்பிச் செய்தேன். ஆனால் சம்பளம் இல்லாவிட்டாலும் இதைப் பல நாடுகள் வேலை என்றே பார்க்கும். சுற்றுலா விசாவில் போய் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. முதலில் விசா விதியைப் படியுங்கள்.

முர்காபில் ஐந்தாம் நாள் காலை ஜீப் வந்தது. ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஏழாவது நான். ஓட்டுநர் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்போது நான் தெருக்கோடியில் குழாயடியில் இருந்தேன். முதல் வாளி நிறைந்திருந்தது, இரண்டாவது பாதி. கையை உயர்த்தி, இதோ வருகிறேன் என்று காட்டினேன். இரண்டையும் நிரப்பித் தூக்கிக்கொண்டு போய் அடுப்பறையில் வைத்தேன். பாட்டி ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி, என் பையின் மேல் வாயைத் தானே திறந்து, உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.