பாதி திறந்த கூரை

மோட்டார் யாட்டுக்கு (உல்லாசப் படகுக்கு) திறந்து மூடும் கூரை கேட்பவர்கள் இரண்டு நிலைகளைத்தான் யோசிக்கிறார்கள். மூடினால் நிழல், திறந்தால் வானம். கூரை சிக்குவதும் பிய்வதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆகவே வரைபடம் போடும்போது முதலில் பாதி திறந்த நிலையை வரையுங்கள்.

எங்கள் கரையில் இது இன்னும் முக்கியம். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடை பிறந்தால் தலைகீழ். ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபத்திலிருந்து புறப்படும் படகு இரண்டு கடலிலும் ஓடும். அதன் கூரையும் இரண்டு காற்றையும் தாங்க வேண்டும்.

2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீளம், அதாவது 5 சதுர மீட்டர் கூரைப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 20 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்), படகின் வேகம் 15 நாட். கூரைக்குப் படுவது 35 நாட், ஏறக்குறைய நொடிக்கு 18 மீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.613-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 200 நியூட்டன் வரும். 5 சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை அளவு விசை. பலகை பின்னோக்கி நகர்ந்து முன்பக்கம் திறந்திருக்கும்போது, படகின் முன் கண்ணாடியைத் தாண்டி உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்று உறிஞ்சும். இரண்டும் சேர்வதால் 300 கிலோவுக்கு வடிவமையுங்கள். அதைப் பலகையைத் தாங்கி நகரும் நான்கு ஸ்லைடருக்கும் சமமாகப் பிரிக்கக் கூடாது. முன் இரண்டுமே பெரும்பகுதியைத் தாங்கும், எனவே ஒவ்வொன்றுக்கும் 150 கிலோ மேல்நோக்கிய இழுப்பு. கூரையின் எடையைத் தாங்குவதற்கு மட்டும் போட்ட சேனல் (ஸ்லைடர் ஓடும் தடம்) இதற்கு நிற்காது.

பலகையின் எடையும் சாதாரண விஷயமில்லை. 10 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ, மொத்தம் 125 கிலோ. 8 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் 48 கிலோ. நடுவில் ஃபோம் வைத்த ஃபைபர் பலகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். 5 டன் படகில், ஈர்ப்பு மையத்துக்கு 2 மீட்டர் மேலே 75 கிலோ கூடினால் மையம் 3 சென்டிமீட்டர் ஏறும். சிறிய படகில் அந்த 3 சென்டிமீட்டர் உருட்டலில் தெரியும். கண்ணாடி பெரிய யாட்டுக்கு உரியது, 10 மீட்டர் படகுக்கு வேண்டாம்.

சிக்குவதற்கு முதல் காரணம் கோணல். பலகையை ஒரு ஓரத்தில் தள்ளினால் மறு ஓரம் பின்தங்கும், ஸ்லைடர் சேனலைக் கவ்விக்கொள்ளும். ஒரே பக்கத்தில் முன் ஸ்லைடருக்கும் பின் ஸ்லைடருக்கும் உள்ள தூரம், இரு சேனல்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதியாவது இருக்கட்டும். 2 மீட்டர் அகலத்துக்கு 1 மீட்டர். மோட்டார் வைத்தால் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு வேண்டாம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது. ஒரே மோட்டார், குறுக்கே ஒரு தண்டு, இரு முனையிலும் பல்சக்கரம். 60 கிலோ இழுக்கும், நொடிக்கு 5 சென்டிமீட்டர் நகர்த்தும் வார்ம் கியர் (பலகை தள்ளினாலும் பின்னே சுழலாத பல்லமைப்பு) மோட்டார் போதும். 12 வோல்ட்டில் 6, 7 ஆம்பியர்தான் எடுக்கும். பேட்டரி 8 மீட்டர் தள்ளியிருந்தால் 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதுவும் வெள்ளீயம் பூசிய செம்பு. மோட்டார் நின்றுபோனால் கையால் சுழற்ற, வார்ம் கியரின் மோட்டார் பக்கத்தில் கைப்பிடி மாட்ட இடம் விடுங்கள்; குறுக்குத் தண்டைச் சுழற்றினால் வார்ம் கியர் நகராது. அந்தக் கைப்பிடி சுக்கான் பிடிப்பவருக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

வெயில் அடுத்த காரணம். 2 மீட்டர் பாலிகார்பனேட், 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 5 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் 2 மில்லிமீட்டருக்குள்தான். போல்ட் துளையைப் பெரிதாக்காமல் இறுக்கினால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். அசிட்டோன், பெட்ரோல் தொட்டுத் துடைத்தாலும் அதே கதிதான். சேனல்களில் ஒன்றை இறுக்கிப் பொருத்துங்கள். மற்றதன் பக்கம் ஸ்லைடர் குறுக்கே அசைய 4 மில்லிமீட்டர் இடம் கொடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கட்டைமேல் ஏற்றிய படகில் அளந்து பொருத்தினால் மறுபடி தண்ணீரில் இறக்கி மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்ப்பது நல்லது. வித்தியாசம் 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

மணலும் உப்பும் எங்கள் பக்கத்துக்கே உரியவை. தனுஷ்கோடி மணல் கச்சானில் பறந்து எங்கும் புகும். வாய் மேல்நோக்கிய சேனல் மணல் அள்ளும் தட்டாகிவிடும். வாய் பக்கவாட்டில் இருக்கட்டும், அடியில் ஆங்காங்கே மணல் விழும் துளை வையுங்கள். கிரீஸ் பூசவே வேண்டாம். மணலோடு குழைந்து அரம் போலத் தேய்க்கும். உருளும் பேரிங்கும் வேண்டாம். ஸ்லைடருக்கு நைலான் சரிப்படாது, ஈரம் குடித்து வீங்கும், சேனலில் இறுகும். டெல்ரின் (ஈரம் அதிகம் குடிக்காத கெட்டிப் பிளாஸ்டிக்) போதும், பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். நல்ல தண்ணீரால் கழுவுவதுதான் அதற்கு எண்ணெய்.

போல்ட் 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு). காந்தம் வைத்துப் பார்த்து 316 என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம், மலிவு ரகமான 304-லும் காந்தம் ஒட்டாது. எஸ்.எஸ். போல்ட்டும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் நேரே தொட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும், மரை பிடித்துக்கொள்ளும். நைலான் வாஷரும் ஸ்லீவும் போட்டு, மரையில் டெஃப்ஜெல் (அரிப்பைத் தடுக்கும் பசை) தடவுங்கள்.

ரப்பர் சீலை மட்டும் நம்பி மழையைத் தடுக்க முடியாது. திறப்பைச் சுற்றி 40 மில்லிமீட்டர் உயர விளிம்பு கட்டுங்கள். கடைசி 5 சென்டிமீட்டரில் சேனல் சரிந்து பலகை இறங்கி ரப்பரில் உட்காரட்டும். வழி முழுக்க ரப்பரை உரசினால் சீக்கிரம் கிழியும். வடிகால் நான்கு மூலையிலும் வேண்டும். ஓடும்போது அணியம் (படகின் முன்பக்கம்) தூக்கும், தண்ணீர் பின்னே போகும். நங்கூரத்தில் நின்றால் முன்னே வரும். 25 மில்லிமீட்டர் குழாய் வையுங்கள், தொங்கி வளையாமல் நேரே வெளியே விடுங்கள். பலகையில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 50 கிலோ.

கடலில் இறக்குமுன் ஒரு சோதனை. பலகையைப் பாதியில் நிறுத்தி, முன் விளிம்பின் இரு மூலையிலும் கயிறு கட்டி, செயின் பிளாக்கால் மூலைக்கு 150 கிலோ மேலே இழுங்கள், நடுவில் தராசு மாட்டி. அப்போது சேனலின் வாய் எவ்வளவு விரிகிறது என்று அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்தால் சேனலின் தடிமனைக் கூட்டுங்கள்.