தள்ளினால் பிடிக்கும் பிரேக்

மெல்போர்னின் மேற்குப் பக்கத்தில் ட்ரெய்லர் வாடகைக்கு விடும் ஒரு யார்டில் எனக்கு இது ஏழாவது வருடம். டார்நீட், ட்ருகனினா என்று சுற்றிலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. சாவி கைக்கு வந்து பால் காய்ச்சி முடித்ததும் அடுத்த வேலை தோட்டம்தான். மண், ஜல்லி, பாய் மாதிரி சுருட்டிய புல் என்று எதை ஏற்றுவதற்கும் ட்ரெய்லர் வேண்டும். சனிக்கிழமையானால் காலை ஏழு மணிக்கே வாசலில் கார்கள் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், ஈரமண் ஏற்றிய இரட்டை அச்சு ட்ரெய்லர் ஒன்றை ஒரு வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். தெருவிலிருந்து வீட்டை நோக்கி மேடாக ஏறும் டிரைவ்வே. இழுத்து வந்த யூட்டை, அதாவது பின்னால் திறந்த தொட்டி வைத்த சின்ன டிரக்கை, நேராக நிறுத்தி, பின்னால் தள்ள ஆரம்பித்தேன். தெருவில் இருந்தவரை நன்றாகத்தான் போனது. மேடு தொடங்கியதும் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன். யூட்டின் பின்சக்கரம் வழுக்கிக் கிரீச்சிட்டது. கிளட்ச் கருகும் வாடை உள்ளே வந்தது. சக்கரத்துக்கடியில் கல் ஏதாவது மாட்டிக்கொண்டதோ என்று இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கைப்பிரேக்கும் இறக்கித்தான் இருந்தது.

யார்டில் இருந்த மூத்த மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டேன். வண்டியை ஒரு அடி முன்னால் எடு, கப்ளிங்கின் மேல் ஒரு சின்ன இரும்புத் துண்டு மடங்கிக் கிடக்கும், அதைத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி தள்ளு என்றார். அப்படியே செய்தேன். அவ்வளவு மண்ணோடும் ட்ரெய்லர் சத்தமில்லாமல் மேடேறியது.

அன்று மாலை அவர் காலி ட்ரெய்லர் ஒன்றின் முன்னால் என்னைக் குத்தவைத்து உட்காரச் சொல்லிக் காட்டினார். காரின் பின்னால் உள்ள இரும்புப் பந்தைக் கவ்விக்கொள்ளும் கப்ளிங், ட்ரெய்லரின் சட்டத்தோடு அசையாமல் பற்றவைக்கப்பட்டது இல்லை. ஒரு உறைக்குள் சில அங்குலம் முன்னும் பின்னும் வழுக்கும். ஓடும்போது கார் பிரேக் போட்டால் கார் மெதுவாகும், பின்னால் வரும் பாரம் மெதுவாகாது, அது காரை முட்டும். முட்டும்போது கப்ளிங் உறைக்குள் அமுங்கும். அமுங்கினால் ஒரு நெம்புகோல் நகரும், அது கேபிளை இழுக்கும், கேபிள் சக்கரத்தில் உள்ள பிரேக்கைப் பிடிக்கவைக்கும். வயரும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. பாரம் தன் முட்டலாலேயே தன்னை நிறுத்திக்கொள்கிறது. இதற்கு இங்கே ஓவர்ரைட் பிரேக் என்று பெயர்.

எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்தது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவின் டிரெய்லருக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டரில் இடப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல் இருக்கும். வயலில் சட்டென்று திரும்ப அது வசதி. ரோட்டுக்கு ஏறும் முன் இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி குடைசாயும். பாலத்து இறக்கம் வருவதற்கு முன்னாலேயே அப்பா கியரைக் குறைத்துவிடுவார். “இறக்கத்துல இறங்கினதுக்கு அப்புறம் யோசிக்கக் கூடாதுடா, பின்னாடி இருக்கிற கரும்பு யோசிக்க விடாது” என்பார். அந்த டிரெய்லரின் முட்டலை அவர் முதுகில் உணர்ந்தே ஓட்டினார். இங்கே அதே முட்டலை ஒரு நெம்புகோலுக்குக் கொடுத்து பிரேக்காக மாற்றியிருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு மனசு என்னவோ செய்தது. இப்படி ஒன்று அப்பாவிடம் இருந்திருந்தால் எத்தனை இறக்கங்களில் நிம்மதியாக இருந்திருப்பார்.

சரி, பின்னால் தள்ளும்போது என்ன நடக்கிறது? கப்ளிங்குக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: அமுங்குகிறேனா, இல்லையா. முன்னோக்கி ஓடும்போது கார் பிரேக் போட்டதால் அமுங்குகிறதா, ரிவர்ஸில் கார் தள்ளுவதால் அமுங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வருகிறது. 2000 கிலோ பாரத்தை எட்டுக்கு ஒன்று என்ற மேட்டில் ஏற்ற சுமார் 250 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் வேண்டும். சிக்னலில் மெதுவாகப் பிரேக் போட்டு நிற்கும்போது அதே பாரம் காரை முட்டுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த முட்டலுக்குப் பிடிக்க வேண்டிய பிரேக், இந்தத் தள்ளலுக்கும் பிடித்துத்தான் தீரும். அதாவது என் ட்ரெய்லர் அன்று பழுதாகி நிற்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்தது.

வாடிக்கையாளர்களைக் குழப்புவதும் இதுதான். “போன வாரம் இதே வண்டியைச் சுலபமாகத் தள்ளினேனே” என்பார்கள். போன வாரம் காலி வண்டி, சமதளமான கான்கிரீட். தள்ளுவதற்கு அதிகம் விசை வேண்டியதில்லை, கப்ளிங் அமுங்கவே இல்லை. இந்த வாரம் பாரம் இருக்கிறது, அல்லது மேடு இருக்கிறது, அல்லது மழையில் ஊறிய புல்தரை இருக்கிறது. டயர் மண்ணில் இரண்டு அங்குலம் புதைந்தாலே போதும், பிரேக் பிடித்துவிடும். தெருவைவிடத் தாழ்வாக இருக்கும் டிரைவ்வேயில் பின்னால் இறங்கினால் கதையே வேறு. அங்கே ட்ரெய்லர் காரை இழுக்கிறது, கப்ளிங் நீள்கிறது, ட்ரெய்லர் பிரேக்கால் ஒரு உதவியும் இல்லை. மொத்தப் பாரத்தையும் காரின் பிரேக் மட்டும்தான் தாங்க வேண்டும். படகு இறக்கும் சாய்தளத்திலும் இதே கதைதான். பிரேக் வைத்த வண்டிதானே என்று நம்பி வேகமாக இறங்கக் கூடாத இடம் அது.

அந்தச் சின்ன இரும்புத் துண்டைத்தான் ரிவர்ஸ் லாக் என்கிறோம். திருப்பிப் போட்டால் கப்ளிங்குக்கும் உறைக்கும் நடுவே போய் உட்கார்ந்து, அமுங்கவிடாமல் தடுக்கும். கப்ளிங் ஏற்கெனவே அமுங்கியிருந்தால் அது உள்ளே போகாது. அதனால்தான் முதலில் ஒரு அடி முன்னால் எடுக்கச் சொன்னார். இதைத் தெரியாமல் சுத்தியலால் அடித்து உள்ளே செருகப் பார்த்தவர்கள் உண்டு. எங்கள் யார்டில் இரண்டு லாக்குகள் அப்படி வளைந்திருக்கின்றன.

லாக்கைப் போடுவதைவிட எடுப்பதுதான் முக்கியம். இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

தோட்ட வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் எங்களிடம் ஒரு ட்ரெய்லரை ஒரு வாரத்துக்கு எடுத்துப் போனார். பரபரப்பான காலை, பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். லாக்கைக் காட்டி, “ரிவர்ஸில் வண்டி நின்றால் இதைத் திருப்பிப் போடுங்கள்” என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. வாரக் கடைசியில் வண்டி திரும்பி வந்தபோது, லாக் திருப்பிப் போட்ட நிலையில், அசையாமல் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறுவது தொல்லை என்று கட்டிவிட்டாராம். குனிந்து பிரேக் டிஸ்க்கைப் பார்த்தேன். ஓடும் வண்டியின் டிஸ்க், பிரேக் பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி வெள்ளையாக இருக்கும். இதில் முழுக்கச் செம்பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. வாரம் முழுவதும் அந்த வண்டி பிரேக்கே இல்லாமல் ஓடியிருக்கிறது.

பாலரட் பக்கமிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு, பென்ட்லண்ட் ஹில்ஸ் இறக்கத்தில் பாக்கஸ் மார்ஷ் நோக்கி இறங்கியபோது கார் நிற்க மறுத்தது என்று அவரே சொன்னார். அந்த இறக்கம் நீளமானது, லாரிகளே கியரைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து இறங்கும். பிரேக் பெடல் மெத்தென்று ஆகிவிட்டது, எப்படியோ கியரைக் குறைத்து ஓரம் கட்டினேன் என்றார். காரில் அவருடைய மகனும் இருந்திருக்கிறான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கியது நான்தான்.

அதற்கப்புறம் எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒவ்வொருவரையும் கப்ளிங் பக்கத்தில் கூட்டிப்போகிறேன். கைப்பிரேக்கை மேலே தூக்கிக் காட்டுவேன். எங்கள் வண்டிகளில் அதுவும் அதே கேபிளைத்தான் இழுக்கிறது. நெம்புகோல் கடைசிவரை போயும் இறுகவில்லை என்றால் கேபிள் தளர்ந்திருக்கிறது, அப்படியானால் ஓடும்போது கப்ளிங் அமுங்கினாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. அந்த வண்டியை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அப்புறம் கைப்பிரேக் போட்டபடியே காரை மெல்ல முன்னால் நகர்த்தச் சொல்வேன். ட்ரெய்லர் காரைப் பிடித்து நிறுத்துவதை ஓட்டுபவர் தானே உணர வேண்டும். வாயால் பத்து நிமிஷம் சொல்வதைவிட அந்த ஒரு இழுப்பு நன்றாக மனதில் நிற்கும். லாக்குக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். கிளம்பும்போது காரின் பக்கத்தில் நின்று பார்த்தாலே மஞ்சள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும்.

ஆஸ்திரேலியச் சட்டப்படி பாரத்தோடு 750 கிலோவைத் தாண்டாத ஒற்றை அச்சு ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2000 கிலோ வரை குறைந்தது ஒரு அச்சின் இரு சக்கரத்திலும் பிரேக் வேண்டும், ஓவர்ரைட் போதும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். ட்ரெய்லர் காரிலிருந்து கழன்றுபோனாலும் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிஷம் பிடியை விடாமல் இருக்கும் ஏற்பாடும் வேண்டும். ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னைத் தொடும், ட்ரெய்லரின் சொந்த எடை ஒரு 500 கிலோ. இன்னும் இரண்டு மண்வெட்டி மண் என்று ஆசைப்பட்டால் அங்கேயே எல்லை தாண்டியாகிவிட்டது.

மினி எக்ஸ்கவேட்டர் ஏற்றும் பெரிய வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் பிரேக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். கார் பிரேக்கை மிதித்தால் ஓட்டுநர் பக்கத்தில் உள்ள கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பும், காந்தம் சுழலும் டிரம்மில் ஒட்டி ஒரு நெம்புகோலை இழுக்கும், ஷூ எனப்படும் பிரேக் கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். மின்சாரம் வந்தால் மட்டுமே பிடிப்பதால் ரிவர்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் பாரத்துக்குத் தகுந்தபடி திருகி வைக்க வேண்டும். காலி வண்டிக்கு வைத்த அளவு பாரத்துக்குப் பற்றாது, பாரத்துக்கு வைத்தது காலி வண்டியின் சக்கரத்தைப் பூட்டிவிடும். ட்ரெய்லர் ரோட்டில் வாலாட்ட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காமல் கன்ட்ரோலரில் உள்ள கைவிசையை மெல்லத் தொட வேண்டும். ட்ரெய்லர் மட்டும் பின்னால் இழுபட்டு, நேராக வந்துவிடும்.

ஐரோப்பாவில் ஓவர்ரைட் வகையிலேயே, சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் ஷூ தானாகப் பிடியை விடும் பிரேக் 1980களின் கடைசியிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. எங்கள் யார்டில் அப்படி ஒன்றுகூட இல்லை. வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

போன மாதம் யாழ்ப்பாணத்துக்காரத் தம்பதி வந்தார்கள். ஓட்டப்போவது அந்தப் பெண். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கப்ளிங்கைத் தொட்டுப் பார்த்து, “அண்ணா, ரிவர்ஸ் எடுக்கேக்க இது பிடிக்குமோ?” என்று கேட்டார். பிடிக்குங்க என்றேன். முதல் ஆளாக ஒருவர் தானே அதைக் கேட்டது எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. முழுக்கக் காட்டினேன். யார்டின் மேட்டிலேயே அவரை ஓட்டிப் பார்க்கவும் வைத்தேன். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையும் அந்தப் பக்கம் போகட்டும் என்றேன். முதல் முறை ட்ரெய்லர் சட்டென்று மடங்கியது. சின்ன ட்ரெய்லர் அப்படித்தான், பெரியதைவிட வேகமாக மடங்கும். மடங்கியதும் நிறுத்தி, முன்னால் எடுத்து நேராக்கிக்கொண்டு, மறுபடி தள்ளினார். மேட்டில் நின்றது. ஒரு அடி முன்னால் எடுத்தார், இறங்கி மஞ்சள் லாக்கைத் திருப்பினார், ஏறித் தள்ளினார். கணவர் பின்னால் நின்று, “இன்னும் வா, இன்னும் வா” என்று கையசைத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது நான் சொல்லாமலே இறங்கிப் போய் லாக்கை எடுத்துவிட்டுத்தான் கேட்டைத் தாண்டினார்.

மாலை நாலரைக்கு வண்டி திரும்பி வந்தது. தரையில் மண் ஒட்டிக் கிடந்ததைக் கூட்டித் தள்ளிவிட்டு, குனிந்து டிஸ்க்கைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பளபளவென்று வெள்ளையாக இருந்தது.