பி.டி. பீரியட் குறிப்புகள்

ஜூலை 3

ஏழாம் வகுப்புக்குக் கோகோ. மூளை முடக்குவாதம் உள்ள மாணவி மட்டும் வழக்கம்போல வேப்பமரத்தடியில், சக்கர நாற்காலியில். மடியில் மற்றவர்களின் வாட்சும் தண்ணீர் பாட்டிலும். "அவ ஸ்கோர் எழுதுவா சார்" என்றார்கள். இவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட வாய்ப்புத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. எங்கள் மைதானத்தில் அந்தச் சட்டம் மரத்தடியோடு நின்றுவிட்டது.

ஜூலை 7

போச்சியா ஆடிப் பார்க்கலாம் என்று முடிவு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிற ஆட்டம். ஒரு வெள்ளைப் பந்து, சிவப்பு ஆறு, நீலம் ஆறு. வெள்ளைக்கு யார் பந்து கிட்டேயோ அவருக்குப் புள்ளி. கோலி ஆடியவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். கையால் எறிய முடியாதவர்கள் சாய்வுத் தடத்தில் பந்தை உருட்டலாம்.

ஒரிஜினல் பந்து வாங்கப் பள்ளியில் காசு ஏது? பழைய டென்னிஸ் பந்துகளைக் கீறி, மணல் நிரப்பி, கலர் டேப் சுற்றினோம். கனம் ஏறியதால் ஓடிப் போகாமல் நிற்கிறது. பிளம்பரிடம் மிஞ்சிய நாலு இன்ச் பைப்பை நீளவாக்கில் அறுத்ததில் தடமும் தயார்.

ஜூலை 10

தடத்தை நகர்த்திக் கொடுக்க அவளுடைய தோழி. விதிப்படி உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, யோசனையும் சொல்லக் கூடாது. என்னைக் கேட்டால் இந்த ஆட்டத்தின் உயிரே இந்த விதிதான். எங்கே, எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் ஆடுபவர் முடிவு.

தோழிக்குத்தான் பெரும்பாடு. இவளுக்குப் பேச்சு மெதுவாக வரும். "இடது... இன்னும்..." என்று முடிப்பதற்குள் தோழி பைப்பைத் தானாகத் திருப்பிவிட்டாள். "நான் இன்னும் சொல்லல!" என்று ஒரு அதட்டல். வகுப்பே கப்சிப். அப்புறம் எல்லோரும் காத்திருந்தார்கள். பைப் ஒரு விரற்கடை உயர்ந்தது. புறங்கையால் பந்தைத் தள்ளினாள். வெள்ளையைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்ததற்கு அவளே தடத்தைத் தாழ்த்தச் சொன்னாள்.

ஜூலை 14

அவளுடைய அம்மா வந்திருந்தார். "விழுந்துட்டா யாரு சார் பார்க்கிறது?" நாற்காலிப் பெல்ட்டையும் பிரேக்கையும் காட்டினேன். அரைமனதாகச் சரி என்றார்.

ஜூலை 17

பையன்களும் வரிசையில். எல்லோரும் உட்கார்ந்துதான் ஆட வேண்டும் என்று பொது விதி வைத்தேன். கடைசிப் பந்தில் அவளுடைய சிவப்பும் ஒருவனுடைய நீலமும் வெள்ளையிலிருந்து ஒரே தூரம் போலத் தெரிந்தன. நான் "சமம்" என்றேன். அவள் விடவில்லை, நூல் போட்டு அளக்கச் சொன்னாள். அளந்தால் நீலம்தான் கிட்டே. நூல் தொய்வாக இருக்கிறதாம், மறுபடியும் அளக்கணுமாம். பெல் அடித்தும் சண்டை ஓயவில்லை.