முட்டிக்குள் நான்கு

ஆகஸ்ட் 5
தாவாரத்தில் தொங்கும் மண் முட்டிக்குள் அடைக்கலங்குருவியின் (சிட்டுக்குருவி) முதல் முட்டை. வெள்ளைக்கு மேல் சாம்பலும் தவிட்டு நிறமுமாகப் புள்ளி. ஈர்க்குக் கட்டின் நுனியில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டைக் கட்டிப் பிடித்து, இரண்டு விநாடி பார்த்தேன்.

ஆகஸ்ட் 6
இரண்டு. விடியற்காலையில்தான் இடும், நாளுக்கு ஒன்று. பெட்டை இன்னும் அடையில் இருக்கவில்லை, பகலெல்லாம் வெளியில் திரிகிறது. கடைசி முட்டை இடும் தறுவாயில்தான் அடைகாக்கத் தொடங்கும், அதுவரை முட்டை குளிர்ந்து கிடந்தாலும் கெடாது. "விட்டிட்டுப் போட்டுது" என்று ஆட்கள் முட்டியை இறக்கிக் கழுவிவிடுவது சரியாக இந்த இரண்டு மூன்று நாளில்தான்.

கோழிமுட்டைக் கோதைப் பத்து நிமிடம் அவித்துக் காயவைத்து, குறுணல் பருமனில் நொறுக்கி வைத்தேன். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்பு தேவை. அவிக்காமல் போட்டால் கோழியின் நோயும் சேர்ந்து போகும்.

ஆகஸ்ட் 8
நான்கு. இனி எண்ணலாம். அடை 11 முதல் 14 நாள், அப்படியென்றால் 19க்கும் 22க்கும் இடையில் பொரிக்கும். பொரித்துக் கூடு விட 14 முதல் 16 நாள். செப்டெம்பர் 2இலிருந்து 7. கூரை வேலைக்குச் சொன்ன திகதி செப்டெம்பர் 1. முட்டி தொங்குவது பிரிக்கவேண்டிய அதே தாவாரத்தில். விரல் விட்டு எண்ணினாலும் கலண்டரில் எண்ணினாலும் ஒரே விடை.

ஆகஸ்ட் 9, சனி
பக்கத்து மதிலில் காகத்துக்குச் சோறு. பிழை சொல்ல முடியாது, விரதம் அவர்களுடையது. ஆனால் சோறு முடிந்ததும் காகம் வீட்டுக்குப் போவதில்லை, தாவாரம் தாவாரமாகப் பார்த்துக்கொண்டு வருகிறது. முட்டியின் வாய் மூன்றங்குலம், அப்படியே விட்டால் காகத்தின் தலை கழுத்துவரை உள்ளே போகும். அதனால்தான் சிரட்டை. கண்ணில்லாத பாதியை எடுத்து நடுவில் ஒன்றேகால் அங்குலத் துளை போட்டு, முட்டி வாயில் கவிழ்த்துக் கம்பியால் இறுக்கியது. அடைக்கலங்குருவி நுழையும், மைனா நுழையாது. ஒன்றே முக்கால் அங்குலம் என்றாலே மைனா வந்து குடியேறிவிடும். துளை விளிம்பைக் கண்ணாடித்தாளால் தேய்க்காவிட்டால் சிலாம்பு இறகைப் பிடிக்கும். இதெல்லாம் கூடு கட்ட முன் செய்யவேண்டிய வேலை. முட்டை வந்த பிறகு கை வைக்கக் கூடாது.

இன்று காகம் சிரட்டையில் மூன்று தரம் கொத்திவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 11
கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. மத்தியானம் வளவில் நிற்க முடியவில்லை. இந்த நாட்களில் தீனியை விடத் தண்ணீருக்குத்தான் கூட்டம். காலை ஏழு மணிக்குள் புலுனிக் கூட்டம் ஒன்று, கொண்டைக்குருவி சோடி, கரிச்சான், இரண்டு மணிப்புறா. எல்லாம் ஒரே சட்டியில், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு.

சட்டி எப்படி இருக்கவேண்டும் என்று எத்தனை தரம் சொன்னாலும் ஆட்கள் வாளியைத்தான் வைக்கிறார்கள். வாளியில் குருவி விழுந்து சாகும். அகலமான மண்சட்டி, நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், ஓரத்தில் அரை அங்குலம் போதும். உட்பக்கம் சொரசொரப்பாக இருக்கவேண்டும். பளபளக்கும் பீங்கானில் கால் வழுக்கும், ஒரு தரம் வழுக்கினால் அடுத்த நாள் வராது. நடுவில் தண்ணீருக்கு மேல் தலை தெரிய ஒரு தட்டையான கல். செடிப்பற்றையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வைத்தால் பூனை பதுங்கிப் பாய முடியாது, குருவிக்கு ஓடி ஒளியவும் தூரமில்லை.

கிணற்றுத் தண்ணீர் இந்த மாதத்தில் உவர்ந்துவிடும். கடற்பறவைக்கு உப்பைக் கழிக்கச் சுரப்பி இருக்கிறது, அடைக்கலங்குருவிக்கு இல்லை. சட்டி விளிம்பில் வெள்ளைப் படை கட்டினால் அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டு, கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரை ஊற்றவேண்டும்.

தினமும் ஊற்றிக் கொட்டினால் மட்டும் போதாது, தும்பால் உரஞ்சவேண்டும். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டுகிறது. தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே அதை நனைத்து நனைத்துப் பொரிக்க வைப்போம். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் சட்டியின் உட்சுவரைத்தான் தடவிப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

ஆகஸ்ட் 12
சட்டி காலி, செவ்வரத்தை மொட்டை. கோட்டைப் பக்கத்து மான். இரவில் வந்து குடித்துவிட்டுச் சட்டியையும் புரட்டியிருக்கிறது. மானோடு கோபிக்க ஏலாது, இது திருகோணமலை. இனிப் பொழுதுபடச் சட்டியைக் கவிழ்த்துவைக்கவேண்டும். தேன்சிட்டுக்குச் செவ்வரத்தை போனாலும் முருங்கைப் பூ இருக்கிறது. சீனித் தண்ணீர் போத்தல் தொங்கவிடச் சிலர் கேட்கிறார்கள். இந்த வெயிலில் அது சீக்கிரம் புளிக்கும். பூ போதும்.

ஆகஸ்ட் 14
தீனி: குரக்கன் ஒரு பங்கு, தினை ஒரு பங்கு, நெல் அரைப் பங்கு. மொத்தம் கால் சுண்டு, காலை ஆறரைக்கு. எட்டரைக்கு மிஞ்சியிருந்தால் நாளைக்குக் குறைக்கவேண்டும். மிச்சம் கிடந்தால் இரவில் எலி, எலிக்குப் பின்னால் பாம்பு. நெல் சில்லை என்ற சிறு குருவிக்கு. உமியைச் சொண்டால் உரித்து எறியும் விதம் பார்க்கவேண்டும், மணி உருளுமே தவிர விழாது. அடைக்கலங்குருவிக்குத் தினைதான் முதல்.

கச்சான் கொட்டை (நிலக்கடலை) மலிந்திருக்கிறது, ஆனால் வாங்கவில்லை. பூஞ்சணம் பிடித்தது கண்ணுக்குத் தெரியாது, அதன் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும். மனிதன் தின்ன யோசிக்கும் கொட்டையைக் குருவிக்கும் போடக்கூடாது. (காற்றும் கச்சான், கொட்டையும் கச்சான், இரண்டும் இந்த மாதம் எனக்கு எதிரி.) உப்புப் போட்ட எதுவும் கூடாது. பாணும் வேண்டாம், வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது.

ஆகஸ்ட் 15
கச்சான் நிற்கவில்லை. முட்டி ஆடவில்லை. பக்கக் கம்பி இரண்டும் வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 17
சேவல் வாயில் பச்சை நூல். வலை நூல். பொத்தெனக் கதவைத் திறந்ததும் போட்டுவிட்டுப் பறந்தது, நல்லவேளை.

கரையோர ஊரில் இதுதான் பெரிய தொல்லை. நைலோன் உக்காது. கூட்டுக்குள் குஞ்சு அசைய அசைய நூல் காலில் சுற்றி இறுகும், கால் கறுத்து விழும், பறக்கவேண்டிய நாளில் முட்டியிலிருந்து தலைகீழாகத் தொங்கும். இப்படித் தொங்குவதைக் கண்டால் இழுக்கக் கூடாது. ஒரு கையில் குஞ்சை மூடிப் பிடித்து, நகக் கத்தரியால் நூலைத்தான் வெட்டவேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கதை, சேர்க்கும். வளவைக் கூட்டி ஒரு பிடி நூல் எடுத்தேன். பதிலுக்குத் தேங்காய்த் தும்பை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி வேலியில் செருகியிருக்கிறது. நீளமாக விட்டால் தும்பும் சுற்றும்.

ஆகஸ்ட் 19
ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 20
முருங்கையடியில் அரைக் கோது. உட்பக்கம் ஈரம். பெட்டை தூரத்தில் கொண்டுபோய்ப் போடும், கூட்டடியில் போடாது. ஆகவே தள்ளிக் கிடந்தாலும் இது நம் முட்டியினுடையதுதான்.

மத்தியானம் கண்ணாடியில்: மூன்று. செந்தோல், கண் மூடி, வாய் மட்டும் மஞ்சள். நான்காவது முட்டை அப்படியே. கூமுட்டையாக இருக்கலாம், எடுக்கவேண்டாம்.

20இலிருந்து 14, செப்டெம்பர் 3.

ஆகஸ்ட் 21
முதல் வாரம் பூச்சி மட்டும். சோறு, பாண் ஊறவைத்துக் கொடுப்பது கொலை. வளவின் மேற்கு மூலைப் புல்லை வெட்டாமல் விட்டது இதற்குத்தான், அங்கேதான் சிறு பச்சைப் புழு. முருங்கையில் மருந்து அடிக்கக்கூடாது என்று இன்னும் ஒரு தரம் வீட்டில் சொல்லியாயிற்று. பத்து நிமிடத்தில் ஒன்பது தரம் வந்து போனார்கள். திரும்பும்போது சொண்டில் வெள்ளைப் பை, எச்சம். மதிலுக்கு அப்பால் போய்ப் போடுகிறது.

ஆகஸ்ட் 24
மணிப்புறா ஒன்று சட்டி ஓரத்தில் இறகை ஊதிக்கொண்டு நின்றது. சொண்டு நனைந்து, விழுங்க முடியாமல் கழுத்தை நீட்டி நீட்டி. தொண்டை நோயாக இருக்கலாம். பொதுச் சட்டியால்தான் பரவும்.

தீனித் தட்டு, சட்டி எல்லாம் எடுத்தாயிற்று. ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, பத்து நிமிடம் ஊற, பிறகு அலசி வெயிலில் எலும்பாகக் காயவிடுவது. இந்தக் கிருமி காய்ந்தால் சாகும், கச்சானுக்கு முதல் தரமாக நன்றி. இரண்டு கிழமை ஒன்றும் வைக்கக்கூடாது. புலுனிகள் காலி இடத்தைச் சுற்றிவந்து கத்துகின்றன. மனது கேட்கவில்லை, ஆனால் இரக்கப்பட்டு வைத்தால் பத்துப் புறா சாகும்.

குருவி? புழு கிடைக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுக்கு.

ஆகஸ்ட் 27
கூரை வேலைக்காரர் அளவெடுக்க வந்தார்.
"தம்பி, முதல்ல குசினிப் பக்கம் பிரிச்சால் என்ன?"
"குருவிக்கா அக்கா?"
"மூண்டு நாள்தான்."
"பாப்பம்."
பாப்பம் என்றால் என்ன கணக்கு.

முட்டியை வேறு இடத்தில் கட்டினால் என்ன என்று அவர் கேட்டார். இரண்டு அடி நகர்ந்தாலே தாய் பழைய இடத்தில் வந்து நின்று தேடும்.

ஆகஸ்ட் 31
இன்றிலிருந்து கண்ணாடி இல்லை. 11 நாள் தாண்டிய குஞ்சு, எட்டிப் பார்த்தால் பயந்து பாய்ந்துவிடும், பறக்க மாட்டாது, பூனைக்கு.

செப்டெம்பர் 1
வரவில்லை. திட்டவும் இல்லை.

செப்டெம்பர் 2
வந்தார்கள், குசினிப் பக்கமே தொடங்கினார்கள். ஓடு விழும் சத்தத்துக்குப் பெட்டை சொண்டில் பச்சைப் புழுவோடு மின்கம்பியில் முப்பத்தைந்து நிமிடம். இறங்கும், பாதியில் திரும்பும். தேநீர் நேரத்தில் மட்டும் நான்கு தரம் ஊட்டியது. நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லவேண்டும். தேநீர் நான் போடுகிறேன்.

செப்டெம்பர் 3
காலை 6.10. சிரட்டைத் துளையில் ஒரு தலை. மற்றது பின்னால் தள்ளுகிறது. சேவல் எதிர்க் கம்பியில், சொண்டில் புழு, கொண்டுவராமல் காட்டிக்கொண்டு