சைக்கிள் உரசும் சுவருக்குத் தகட்டுப் பூ

பெங்களூரு காக்ஸ் டவுன் வீட்டு வராந்தாவில் மகன் சைக்கிளைச் சாய்த்துச் சாய்த்து இடுப்பு உயரத்துக்குச் சுவர்ப் பூச்சே பெயர்ந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டலாம் என்றாள் மனைவி. மங்களூர் ஓடும், மங்கி டாப் என்கிற கூர்முனை மர முகப்பும் உள்ள பழைய வீட்டில் பாத்ரூம் டைல்ஸா? பழைய வீடுகளின் கூரையிலும் சுவரிலும் அடித்திருப்பார்களே, பூ வேலை அழுத்திய தகடு, அதையே செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

சிட்னி டவுன் ஹாலின் பெரிய மண்டபத்தில் கூரையே அப்படித்தான். 1889இல் திறந்தது. அங்குள்ள பிரம்மாண்டமான குழாய் ஆர்கனை வாசிக்கும் அதிர்வில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து விழுமோ என்று பயந்து துத்தநாகத் தகட்டைப் போட்டார்கள். அங்கே ஆர்கன், இங்கே சைக்கிள்.

எஸ்.பி. ரோட்டில் 0.3 மி.மீ. அலுமினியத் தகடு வாங்கினேன். ஓர் அடிச் சதுரப் பலகையில் எட்டிதழ்ப் பூவை அரை அங்குலம் ஆழமாகக் குடைந்து, மேலே தகட்டை வைத்து நாலு ஓரத்திலும் ஆணியடித்து, கொட்டாப்புளியால் போட்டேன். முதல் இதழிலேயே நுனி கிழிந்தது. அடுத்த இரண்டு தகடும் அதே இடத்தில்.

அல்சூரில் சாமிக்குக் கவசம் அடிக்கும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கிழிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓரத்தைக் கட்டிப்போட்டா தகடு எங்கேருந்து தம்பி வரும்?" என்றார். அவ்வளவுதான் விஷயம். குழிக்குள் இறங்க வேண்டிய தகடு ஓரத்திலிருந்து நழுவி வர வேண்டும். நான்தான் ஆணியடித்துச் சிறை வைத்திருக்கிறேன்.

இப்போது பதினாலு அங்குலத் தகடாக எடுத்து, ஆணி இல்லாமல், நடுவிலிருந்து வெளியே அடித்து வருகிறேன். ஓரம் சுருங்கத்தான் செய்கிறது, கடைசியில் வெட்டிவிடலாம். புதுப் பலகையில் ஆழமும் கால் அங்குலம்தான்.

அதற்கு முன் தகட்டைச் சூடு காட்டி இளக்க வேண்டும். இதில் ஒரு வம்பு: அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, 660 டிகிரியில் சட்டென்று உருகி ஓட்டையாகிவிடும். அதனால் துணி சோப்பைத் தேய்த்துவிட்டு பர்னரை ஓட்டுகிறேன். சோப்பு கருத்ததும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். ஆறியபின் தட்டினால் 'டிங்' என்று ஒலித்த தகடு 'டப்' என்கிறது. ஈரத்துணி மாதிரி வளைகிறது. அடிக்க அடிக்க மறுபடி இறுகும், மறுபடி சூடு.

பெயின்ட் விஷயம் சுருக்கமாக: தகட்டில் பெயின்ட் பிடிக்க வைக்கும் எட்ச் பிரைமரை முதலில் அடிக்காமல் எனாமல் அடித்தால் உரிந்துவரும். மழைச்சாரல் படும் இடம் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ.

மூன்று தகடு சுவரேறியாயிற்று. மூன்றாவதில் பூ அரை அங்குலம் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. அதைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் அடித்துவிட்டேன். இன்னும் ஒன்பது.